ரவுண்டானா வரைவது எப்படி: நுழைவு வளைவிலிருந்து லாரி ஏப்ரன் வரை

நாலு ரோடு சேரும் இடத்தில் நடுவே ஒரு வட்டத் திட்டு, அதில் கொஞ்சம் செடியோ ஒரு சிலையோ, சுற்றிலும் கருப்பு வெள்ளை அடித்த கெர்ப் கல். பேச்சு வழக்கில் இதுவே ரவுண்டானா. போக்குவரத்துப் பொறியியல் 'நவீன ரவுண்டானா' என்று ஒன்றை ஏற்க வேண்டுமானால் அதில் மூன்று அடையாளங்கள் இருக்க வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முதல் உரிமை, நுழைகிறவர் வழிவிட வேண்டும். ஒவ்வொரு கையிலும், அதாவது சந்திப்பில் வந்து சேரும் ஒவ்வொரு ரோட்டிலும், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பிரிக்கும் ஒரு முக்கோணத் தீவு இருக்க வேண்டும். எந்த வண்டியும் வளைந்துதான் நுழைய முடியும் என்பது மூன்றாவது. உயிரைக் காப்பது இந்த மூன்றாவது அடையாளம். வரைபடத்தில் அதிகம் கோட்டைவிடப்படுவதும் இதுதான்.

முதல் சந்திப்பை வரைய உட்காரும் இளம் பொறியாளருக்காகவும், தன் வார்டில் வரப்போகும் ரவுண்டானாவின் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க நினைப்பவருக்காகவும் இதை எழுதியிருக்கிறோம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளை மனதில் வைத்து, வண்டிகள் கடிகார முள் போகும் திசையில் சுற்றுவதாகச் சொல்கிறோம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பவர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வட்டம் ஏன் பூட்டிக்கொள்கிறது

பழைய வட்டங்களில் யாருக்கு முதல் உரிமை என்ற விதி கிடையாது, அல்லது நுழைகிறவருக்கே உரிமை இருந்தது. நெரிசல் நேரத்தில் நடப்பதைப் பாருங்கள். நாலு பக்கமும் வண்டிகள் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். வெளியேற வேண்டியவர் தன் வழியை எட்டுவதற்குள் அவருக்கு முன்னால் புதிதாக நுழைந்தவர் நிற்பார். அவருக்கு முன்னால் இன்னொருவர். வால் தலையைக் கவ்விய பாம்புபோல மொத்த வட்டமும் பூட்டிக்கொள்ளும். பாரிஸின் எத்துவால் வட்டத்தில் இன்றும் நுழைகிறவருக்குத்தான் உரிமை. பெயர் பெற்ற இடம்தான், ஆனாலும் அதை நவீன ரவுண்டானா என்று சொல்ல முடியாது.

1966 நவம்பரில் பிரிட்டன் இந்த உரிமையைத் தலைகீழாக மாற்றியது. வலப்பக்கத்திலிருந்து வரும், ஏற்கனவே வட்டத்துக்குள் இருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதியாயிற்று. அங்குள்ள அரசுச் சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பிராங்க் பிளாக்மோர் இதற்காக உழைத்தவர், மினி ரவுண்டானாவைக் கொண்டுவந்தவரும் அவரே. பூட்டு உடைந்ததோடு இன்னொரு பலனும் கிடைத்தது. வண்டிகள் ஓடிக்கொண்டே ஒன்றோடொன்று பின்னிக் கலக்க நீளமான இடம் தேவையில்லை என்றானதும் வட்டத்தைச் சின்னதாக்க முடிந்தது. வட்டம் சின்னதானால் வேகம் தானாகக் குறையும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 65, 1976இல் பழைய பாணி ரோட்டரிகளுக்கான நெறிமுறையாக வந்து, 2017இல் ரவுண்டானா வழிகாட்டியாகத் திருத்தப்பட்டது. பழைய பதிப்பை வைத்து இன்னும் வரைகிறவர்கள் இருந்தால் புதியதை வாங்கிக்கொள்வது நல்லது.

பாதுகாப்புக்கு என்ன ஆதாரம்? நாலு கை கொண்ட சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோதக்கூடிய புள்ளிகள் 32. ஒரு லேன் ரவுண்டானாவில் அவை 8. எண்ணிக்கையைவிடக் கோணம் முக்கியம். நேருக்கு நேர் மோதல், செங்குத்தாகப் பக்கவாட்டில் இடிப்பது ஆகிய இரண்டு கொடிய வகைகளும் ஏறக்குறைய இல்லாமல் போகின்றன. மிஞ்சுவது உரசலும் பின்னால் இடிப்பதும்தான். அமெரிக்காவில் ரவுண்டானாவாக மாற்றியமைக்கப்பட்ட 24 சந்திப்புகளை ஆராய்ந்தபோது மொத்த விபத்துகள் 40 சதவீதத்தை ஒட்டிக் குறைந்திருந்தன, காயம் பட்ட விபத்துகளோ முக்கால் பங்கு குறைந்திருந்தன. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ரவுண்டானாவில் வண்டிகள் உரசத்தான் செய்யும், ஆனால் ஆட்கள் வீடு திரும்புவார்கள். இந்தியானா மாநிலத்தின் கார்மல் நகரம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி 150க்கும் மேற்பட்ட ரவுண்டானாக்களைக் கட்டியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

முதலில் எண்ணுங்கள்

அளவெடுக்கும் முன் நெரிசல் மணி நேரத்தில் ஒவ்வொரு கையிலிருந்தும் இடது, நேர், வலது என்று எத்தனை வண்டி போகிறது என்று எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொரு நுழைவுக்கும் முன்னால் குறுக்கே எத்தனை வண்டி சுற்றிப் போகும் என்று கூட்டுங்கள். தெற்குக் கையை எடுத்துக்கொண்டால் குறுக்கே போவது மூன்று ஓட்டங்கள்: கிழக்கிலிருந்து நேராக மேற்கே போவது, கிழக்கிலிருந்து வலது திரும்பி வடக்கே போவது, வடக்கிலிருந்து வலது திரும்பி மேற்கே போவது. யூ டர்ன் அதிகமென்றால் அதையும் சேர்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு இவை 320, 110, 90 என்று வைத்துக்கொள்வோம். குறுக்கோட்டம் 520. தெற்கிலிருந்து நுழைவது 380. இரண்டும் சேர்ந்து 900. அமெரிக்க வழிகாட்டிகளின்படி இந்தக் கூட்டுத்தொகை மணிக்கு 1,000க்குள் இருந்தால் ஒரு லேன் நுழைவு போதும். 1,000 முதல் 1,300 வரை விரிவாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1,300க்கு மேல் போனால் இரண்டு லேன் யோசிக்க வேண்டியிருக்கும். இவை கார்கள் மிகுந்த சாலைகளில் பிறந்த எண்கள். பைக்கும் ஆட்டோவும் நிறைந்த சாலையில் எண்ணிக்கையை முதலில் கார் அலகுக்கு, அதாவது ஒவ்வொரு வகை வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்ற கணக்குக்கு, மாற்றிக்கொண்டு, அதன் பிறகும் இவற்றை முதல் மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேன் ரவுண்டானா நாளுக்கு 20,000 முதல் 25,000 வண்டி வரை தாங்கும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, 'எதிர்காலத்துக்கும் சேர்த்து' முதல் நாளே இரண்டு லேன் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. காலியாகக் கிடக்கும் இரண்டாவது லேனைக் குறுக்கே வெட்டி எல்லாரும் நேராகப் பறப்பார்கள். வருங்காலத்துக்கு இடம் வேண்டுமானால் மையத் தீவைப் பெரிதாக வைத்து, பிற்பாடு உள்பக்கமாக வெட்டி அகலப்படுத்திக்கொள்ளலாம்.

சில இடங்களில் ரவுண்டானா கூடவே கூடாது. அடுத்த சிக்னலின் வரிசை வட்டத்துக்குள் வந்து நிற்கும் இடம், ரயில்வே கேட்டை ஒட்டிய இடம், ஒரு திசை ஓட்டம் மற்ற கைகளுக்கு இடைவெளியே விடாத இடம் ஆகியவை அப்படிப்பட்டவை. 4 சதவீதத்துக்கு மேல் சரிவு உள்ள தரையிலும் மிகுந்த கவனம் தேவை.

அளவும் லாரியும்

வெளிக் கெர்ப்பிலிருந்து எதிர் வெளிக் கெர்ப் வரையுள்ள விட்டமே ரவுண்டானாவின் அளவு. மினி ரவுண்டானாவுக்கு 13 முதல் 27 மீட்டர், ஒரு லேனுக்கு 27 முதல் 55 மீட்டர். எதை எடுப்பது என்பதை அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டி தீர்மானிக்கும். டிரெய்லர் லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தை விட்டு உள்பக்கமாக வெட்டும். அந்த வெட்டுக்காகப் பாதையையே அகலப்படுத்தினால் கார்கள் அந்த அகலத்தை வேகத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும். இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் லாரி ஏப்ரன், அதாவது மையத் தீவைச் சுற்றி லாரியின் பின்சக்கரம் ஏறிப்போகும்படி போடும் தாழ்வான மேட்டுப் பட்டை.

36 மீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதை 5.5 மீட்டர். மீதமுள்ள 25 மீட்டர் வட்டத்தில் வெளி ஓரம் 3 மீட்டர் அகலத்துக்கு ஏப்ரன், உள்ளே 19 மீட்டர் விட்டத்துக்கு மண்மேடு. ஏப்ரனின் கெர்ப் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் உயரம், மேல் முனை சாய்வாக இருக்க வேண்டும். லாரியின் பின்சக்கரம் மெதுவாக ஏறி இறங்கும், காரில் இருப்பவருக்கு இடுப்பில் ஒரு குலுக்கல் கிடைக்கும் என்பதே இந்த அளவின் நோக்கம். சுற்றுப்பாதையின் அதே தாரைத் தரைமட்டமாகப் போட்டு மஞ்சள் கோடு மட்டும் அடித்தால் அது ஏப்ரன் ஆகாது. ஒரே வாரத்தில் அதுவும் பாதையாகிவிடும். 15 சென்டிமீட்டர் கெர்ப் வைத்தால் டயர் கிழியும், உயரமாகச் சுமை ஏற்றிய லாரி சாயும். நிறமும் சொரசொரப்பும் நடைபாதையிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பாதசாரி அதில் போய் நிற்பார்.

நுழைவு வளைவு: வரைபடத்தை இங்கே சோதியுங்கள்

கையின் நடுக்கோடு வட்டத்தின் மையத்தை நோக்கி வரலாம், அல்லது ஓட்டுநரின் பார்வையில் மையத்துக்குச் சற்று வலப்பக்கமாக வரலாம். வலப்பக்கமாக வந்தால் நுழையும்போது இடது பக்கம் நன்றாக வளைய வேண்டியிருக்கும், வேகம் விழும். மையத்துக்கு இடப்பக்கமாக வந்தால் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு வண்டி நேராகப் பாயும். நிலம் கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக இப்படி வரைந்துவிடுகிறார்கள். எத்தனையோ வட்டங்களில் ஒரே ஒரு கையில் மட்டும் விபத்து குவிவதற்கு இதுவே காரணம்.

வரைபடம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மென்பொருள் இருந்தாலும் முதல் சில தடவை கையால் செய்யுங்கள். பிளானை 1:200 அளவில் ஏ1 தாளில் அச்செடுங்கள். 36 மீட்டர் வட்டம் அதில் 18 சென்டிமீட்டராக இருக்கும். வேறு வண்டியே இல்லாத நள்ளிரவில், லேன் கோடுகளை மதிக்காத ஒருவர் எந்தத் தடத்தில் போனால் மிக வேகமாகக் கடக்கலாம் என்று பென்சிலால் வரைய வேண்டும். கார் 2 மீட்டர் அகலம், இரு பக்கமும் அரை மீட்டர் இடைவெளி என்று வைத்தால், காரின் நடுத்தடம் கெர்ப்பிலிருந்தும் ரோட்டின் நடுக்கோட்டிலிருந்தும் 1.5 மீட்டர், பெயின்ட் அடித்த ஓரக்கோட்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி வரும். தாளில் 1.5 மீட்டர் என்பது 7.5 மில்லிமீட்டர். வழிவிடு கோட்டுக்கு, அதாவது வட்டத்தின் வாயிலில் நுழைகிறவர் வழிவிட வேண்டிய கோட்டுக்கு, 50 மீட்டர் முன்னாலிருந்து தொடங்குங்கள். நுழைவில் இடது கெர்ப்பை ஒட்டி, மையத்தீவை ஒட்டி, வெளியேறும் இடத்தில் மறுபடி இடது கெர்ப்பை ஒட்டி, கை இயல்பாக வளையும் அளவுக்கே வளைத்து ஒரே இழுப்பில் வரையுங்கள். கூர்மையாக ஒடித்து வரைந்தால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்.

இப்போது வழிவிடு கோட்டை ஒட்டிய 20 முதல் 25 மீட்டர் நீளத்தில் அந்தத் தடத்தின் ஆரத்தை வட்ட வார்ப்புருவால் அளந்து பாருங்கள். 2 சதவீதக் குறுக்குச் சரிவில் ஆரம் 20 மீட்டரானால் வேகம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். 30 மீட்டருக்கு 33, 50 மீட்டருக்கு 40, 100 மீட்டருக்கு 52. ஒரு லேன் ரவுண்டானாவில் நுழைவு வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஆகவே ஆரம் 50 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பிரிட்டிஷ் விதிகள் நகரத்துச் சிறிய ரவுண்டானாவுக்கு 70 மீட்டர் வரை விடுகின்றன. பாதசாரிகள் நடமாடும் இடத்துக்கு அது எங்கள் பார்வையில் தாராளம்.

இதே சோதனையை ஒவ்வொரு கைக்கும் செய்யுங்கள். இடது திரும்பும் தடத்தையும் விட்டுவிடாதீர்கள், அது மையத்தீவைச் சுற்றுவதே இல்லை. மூலையைத் தாராளமாக வெட்டியிருந்தால் எல்லாவற்றையும்விட வேகமான தடம் அதுவாக இருக்கும். இருசக்கர வாகனங்கள் அதிகமுள்ள ஊரில் இன்னொரு தடம் வரைவது அவசியம். பைக்குக்குக் கெர்ப்பிலிருந்து முக்கால் மீட்டர் இடைவெளி போதும். காருக்கு 40 கிலோமீட்டர் என்று வந்த நுழைவு பைக்குக்கு அதைவிட நேராகவும் வேகமாகவும் இருக்கும்.

வேகம் கூடுதலாக வந்தால் என்ன செய்யலாம்? கையின் நடுக்கோட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். நுழைவு அகலத்தைக் குறையுங்கள், ஒரு லேனுக்கு 4.2 முதல் 5.5 மீட்டர் போதும். அதுவும் பத்தாவிட்டால் விட்டத்தைக் கூட்டுங்கள். வட்டத்தைப் பெரிதாக்கினால் வேகம் கூடாதா என்று கேட்கத் தோன்றும். சுற்றும் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மை, ஆனால் நுழைவை வளைக்க இடம் கிடைக்கும். நுழைவுக் கெர்ப்பின் ஆரத்தை மட்டும் 10 மீட்டருக்குச் சுருக்கிக் கணக்கை நேர்செய்யப் பார்க்காதீர்கள். ஓட்டுநர் அந்தத் திடீர் வளைவை எதிர்பார்க்கமாட்டார், நேரே மையத்தீவில் ஏறுவார். நுழைவு வேகத்துக்கும் சுற்று வேகத்துக்கும் நடுவே 20 கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் இதே கதிதான்.

பிரிப்புத் தீவும் நடந்து கடப்பவரும்

பிரிப்புத் தீவு குறைந்தது 15 மீட்டர் நீளம் வேண்டும், 30 மீட்டரானால் நல்லது. வண்டிகள் 80 கிலோமீட்டரில் வரும் சாலையில் 60 மீட்டர் வரை நீட்டினால்தான் ஓட்டுநர் நேரத்தோடு வேகத்தைக் குறைப்பார். வெறும் பெயின்ட்டால் வரைந்த தீவை எதிர்த்திசையில் வருபவர்கள் மதிப்பதில்லை, கெர்ப் கட்டாயம்.

ஜீப்ரா கிராசிங்கை வழிவிடு கோட்டுக்கு மேலேயே போடுவது மிகப் பரவலான பிழை. நுழையக் காத்திருக்கும் ஓட்டுநரின் கண் வலப்பக்கமே இருக்கும், இடப்பக்கமிருந்து இறங்கும் பாட்டியை அவர் பார்க்கமாட்டார். கிராசிங்கை ஒரு கார் நீளம், அதாவது 6 மீட்டர் பின்னால் தள்ளுங்கள். முதல் வண்டி கிராசிங்கைத் தாண்டி நிற்கும், அதன் முதுகுக்குப் பின்னால் ஜனங்கள் கடப்பார்கள். பிரிப்புத் தீவில் அவர்கள் நின்று மூச்சுவிட 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும். குழந்தை வண்டியோ சைக்கிளோ அதற்குள் அடங்கிவிடும். அந்த இடத்தில் தீவை ரோட்டு மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள், படி வைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு திசையைப் பார்த்தால் போதும் என்பதே நடந்து கடப்பவருக்கு ரவுண்டானா தரும் சலுகை.

பார்வையற்றவருக்கு நிலைமை வேறு. சிக்னல் சந்திப்பில் வண்டிகள் நிற்பதையும் கிளம்புவதையும் காதால் அறியலாம். ரவுண்டானாவில் ஓசை ஓயாது, வெளியேறும் வண்டியா சுற்றும் வண்டியா என்று பிரித்துக் கேட்பது கடினம். தொட்டறியும் ஓடு, கிராசிங்கை மேடாக்குவது ஆகியவை உதவும். இரண்டு லேன் என்றால் பொத்தான் அழுத்தும் சிக்னலையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

சைக்கிள் லேனை வட்டத்துக்குள் ஓரமாகக் கொண்டுபோகக் கூடாது. வெளியேறும் கார் அந்த லேனைத்தான் குறுக்கே வெட்டும். லேனை 30 மீட்டர் முன்பே முடித்துச் சைக்கிளைப் பொதுப் பாதையில் கலக்கவிடலாம், அல்லது நெதர்லாந்தில் செய்வதுபோலத் தனிப் பாதையாக வெளியே சுற்றிவிடலாம்.

மேடு, சரிவு, வெளிச்சம்

மையத்தீவில் மண்ணை மேடாகக் குவித்துச் செடி வையுங்கள். எதிர்ப்பக்க ரோடு தெரியக்கூடாது. தெரிந்தால் ஓட்டுநரின் மனம் நேரே போகும். வலப்பக்கக் கைக்கும் இதே நியாயம் உண்டு. வெகு தூரத்திலிருந்தே வலப்பக்கம் காலி என்று தெரிந்தால் யாரும் பிரேக்கைத் தொடமாட்டார்கள். அதனால் வழிவிடு கோட்டுக்கு 15 மீட்டர் முன்வரை பார்வையை வேலியால் மறைப்பதும் பிரிட்டனில் ஒரு வழக்கம். நடுவில் பெஞ்ச், நீரூற்று, மாலை போடுவதற்குப் படி வைத்த சிலை எதுவும் வேண்டாம். ஜனங்களை அங்கே வரவழைக்கும் எதுவும் அவர்களை ஓட்டத்தின் குறுக்கே நடக்கவிடுகிறது.

சுற்றுப்பாதையின் சரிவு வெளிப்பக்கமாக 2 சதவீதம் இருக்கட்டும். நெடுஞ்சாலை வளைவில் பழகியவர்கள் உள்பக்கமாகச் சரித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் வேகம் கூடும், மழைநீரும் மையத்தீவின் ஓரத்தில் தேங்கும். வடிகால் வாயும் மேன்ஹோல் மூடியும் பைக் சாய்ந்து திரும்பும் தடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பத்தைக் கிராசிங்குக்கு முன்னால், வண்டி வரும் பக்கம் நடுங்கள். அப்போதுதான் கடப்பவரின் முகத்திலும் உடலிலும் ஒளி விழும். பின்னால் நட்டால் ஓட்டுநருக்கு ஒரு கருநிழல்தான் தெரியும்.

இரண்டு லேன் வேண்டியே ஆகுமென்றால்

இங்கே பிழை பெரும்பாலும் ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்தில் நுழையும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் இயல்பான தடம் மற்றதன் லேனுக்குள் புகுந்துவிடுகிறது. வழிவிடு கோட்டில் வண்டியின் மூக்கு எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசையில் கோட்டை நீட்டிப் பாருங்கள். வெளி லேன் வண்டியின் கோடு சுற்றுப்பாதையின் வெளி லேனில் விழ வேண்டும். உள் லேனில் விழுந்தால் உரசல் உறுதி. நெதர்லாந்தில் 1990களில் பொறியாளர் ஃபோர்தைன் உருவாக்கிய டர்போ ரவுண்டானா இதைத் தாழ்வான கெர்ப்களால் தீர்க்கிறது. நுழையும் முன்பே லேனைத் தேர்ந்துவிட வேண்டும், சுருள்போல் அது உங்களை உங்கள் வழிக்கு வெளியே கொண்டுபோய்விடும், நடுவில் மாற முடியாது.

திறந்த பிறகு

வெளியேறும் வாயில் பஸ் ஸ்டாப் வைத்தால் ஒரு பஸ் நின்றதும் வரிசை வட்டத்துக்குள் வளரும். ஸ்டாப்பைக் கிராசிங் தாண்டி, லே-பையில் (பஸ் ஒதுங்கி நிற்கும் ரோட்டோர இடத்தில்) வையுங்கள். பிரிப்புத் தீவின் நீளம் முழுக்க ஆட்டோவோ தள்ளுவண்டியோ நிற்க இடம் தரக்கூடாது. நெரிசலில் போலீஸ்காரர் வட்டத்துக்குள் இருப்பவர்களை நிறுத்தி நுழைகிறவர்களை விடுவது நல்லெண்ணத்தில்தான், ஆனால் அது 1966க்கு முந்தைய பூட்டைத் திரும்பக் கொண்டுவரும். நிறுத்த வேண்டுமானால் நுழைவில் நிறுத்தச் சொல்லுங்கள்.

முதல் மாதம் ஏப்ரன் கெர்ப்பையும் பிரிப்புத் தீவின் மூக்கையும் வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். கருப்பு டயர் தடம் எங்கே குவிகிறதோ அங்கே வரைபடத்துக்கும் ஓட்டத்துக்கும் ஒத்துப்போகவில்லை. ஏப்ரனில் பின்சக்கரத் தடம் மட்டும் இருந்தால் அது வேலை செய்கிறது. பிரிப்புத் தீவின் மூக்கில் தடமோ உடைசலோ தெரிந்தால் நுழைவு வளைவை மறுபடி வரைய வேண்டும்.